எபிசோடு 31: டவுன் பஸ்ல யார் ஏறலாம்?

இந்த எபிசோடு ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் உடுமலைக்குப் பக்கத்துல இருக்கற எங்க அம்மிச்சி ஊருக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூர் திரும்பணும். போன்ல கேப் ஆப்பைத் திறந்தா, "அருகில் வண்டிகள் இல்லை". பத்து நிமிஷம் விட்டுத் திரும்பவும் பார்த்தேன். அதே பதில். திண்ணையில உக்காந்திருந்த அம்மிச்சி கேட்டுச்சு: "ஏங்கண்ணு, அந்தப் போனையே நோண்டிட்டு இருக்கற? அஞ்சே முக்காலுக்குப் பஸ்ஸு வருமல்ல?"

வந்துச்சு. 5:48-க்கு. அம்மிச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. மேப்ல இல்லாத அந்த டைமிங் அதோட தலைக்குள்ள இருக்கு. உடுமலை, பொள்ளாச்சி, உக்கடம், காந்திபுரம்னு பஸ் மாறி மாறி சரவணம்பட்டி வந்து சேர்றதுக்குள்ள ஒரு கேள்வி மட்டும் விடவே இல்ல. இந்த 5:45-ஐ யார் முடிவு பண்ணாங்க? இந்த வழியில பஸ் போகணும்னு யாருக்கு முதல்ல தோணுச்சு?

கொஞ்சம் பின்னாடி போவோம். நம்ம பக்கம் முதல்ல வந்தது ரயில். சென்னையில இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட லைன் பாலக்காட்டுக் கணவாய் வழியாப் போகணும், அதனால 1862-ல் போத்தனூருக்கு ரயில் வந்துருச்சு. 1873-ல் கோயமுத்தூர் வழியா மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு கிளை. அங்கிருந்து பல்சக்கரப் பாதையில 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. இந்த லைன் எல்லாம் எங்க போகுதுன்னு கவனிங்க. துறைமுகத்துக்கு, இல்லன்னா துரைமார்கள் கோடைக்கு ஏறின மலைக்கு. சந்தைக்குப் போற விவசாயிக்கும் பழநிக்குப் போற பக்தருக்கும் மாட்டு வண்டி, ஜட்கா, இல்லன்னா சொந்தக் கால்.

போத்தனூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு 1915-ல் மீட்டர் கேஜ் வந்துச்சு. அது பழநி வழியா திண்டுக்கல் போய்ச் சேர்ந்தது 1928-ல்தான். நடுவுல 13 வருஷம் பொள்ளாச்சியோட ரயில் நின்னு போச்சு. பழநிக்கு இன்னும் 60 கிலோமீட்டர் சொச்சம் இருக்கு. வருஷம் பூரா கூட்டம் போற வழி, ஆனா வண்டி இல்ல.

அந்த இடைவெளியைப் பார்த்தவர் ஜி.டி.நாயுடு. 1893-ல் கலங்கல் கிராமத்துல பிறந்தவர், பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவுல அவரே ஓட்டினார். ரேஸர், மோட்டார்னு அவரோட கண்டுபிடிப்புகளை நம்ம ஸ்கூல்லயே கேட்டிருப்போம். எனக்கு என்னமோ அவரோட பெரிய கண்டுபிடிப்பு அந்த ரூட்தான்னு தோணுது. 1930-கள்ல அவரோட யூ.எம்.எஸ்., அதாவது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்கிட்ட 200-க்கும் மேற்பட்ட பஸ்கள். பொள்ளாச்சியில நாச்சிமுத்துக் கவுண்டரோட ஏ.பி.டி., அதாவது ஆனைமலைஸ் பஸ் ட்ரான்ஸ்போர்ட்டும் வளர்ந்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்தப்போ, பின்னாடி கரி அடுப்பு மாட்டி, அந்தப் புகை வாயுவுலயே பஸ் ஓட்டினாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க "கரி பஸ்"னு சொன்னா, அது இதுதான்.

இது வரைக்கும் கேட்டா நல்ல ஸ்டார்ட்அப் கதை மாதிரி இருக்கு இல்ல? நானும் இந்த எபிசோடை இதோட முடிச்சிருப்பேன். ஆனா பஸ் வந்துச்சுன்னா எல்லாரும் ஏறினாங்கன்னு அர்த்தம் கிடையாது.

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுல தாழ்த்தப்பட்ட சாதிக்காரங்களை ஏத்தாத தனியார் பஸ்கள் ஓடுச்சு. காசு இருந்தாலும் டிக்கெட் கிடையாது. 1930-ஐ ஒட்டி, ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரா இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் ஒரு உத்தரவு போட்டார்: ஆதி திராவிடர்களை ஏத்த மறுக்கற பஸ்ஸோட லைசென்ஸ் ரத்து. மனசு மாறட்டும்னு அவர் காத்திருக்கல. லைசென்ஸ் யார் கையில இருக்கோ, அவங்களால கதவைத் திறக்க வைக்க முடியும்னு காட்டினார்.

அந்த லைசென்ஸை நாடு முழுக்க ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தது 1939-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பர்மிட். எந்த ரூட், எத்தனை ட்ரிப், எத்தனை மணிக்கு, ஸ்டேஜுக்கு எவ்வளவு கட்டணம், எல்லாம் அதுல அடங்கும். கண்டக்டர் இன்னிக்கும் "அடுத்த ஸ்டேஜ்"னு சொல்றார் பாருங்க, அந்த வார்த்தையெல்லாம் இந்த உலகத்துல இருந்து வந்ததுதான். அம்மிச்சியோட 5:45 அதோட ஞாபகம் இல்ல, ஒரு பர்மிட்ல இருக்கற வரி. நம்ம பாஷையில சொன்னா, ஸ்பெக் டாக்குமெண்ட்டை அது மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு.

1972-ல் அடுத்த திருப்பம். பெரிய முதலாளிகளோட பஸ்களை அரசு எடுத்துக்கிட்டு, நம்ம பக்கம் சேரன் போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சது. பிறகு ஈரோட்டுக்கு ஜீவா. 1997-ல் அந்தப் பேரெல்லாம் போச்சு. காரணம் தெரியுமா? தெற்குல ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம்னு ஒரு தலித் வீரரோட பேரை வெச்சதும், அந்தப் பேர் எழுதின பஸ்ல ஏற மாட்டோம்னு எதிர்ப்பு கிளம்பிக் கலவரமாச்சு. கடைசியில அரசு எல்லாக் கழகங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துருச்சு. சேரனும் கூடவே போயிட்டார். 1930-ல் உள்ளே யார் உக்காரலாம்னு சண்டை. 1997-ல் வெளியே யார் பேர் இருக்கலாம்னு சண்டை.

சின்ன முதலாளிகளோட பஸ்கள் மட்டும் தனியார் கையிலயே தங்குச்சு. அதனாலதான் சென்னையில பார்க்க முடியாத தனியார் டவுன் பஸ் கோயமுத்தூர்ல இன்னும் பாட்டுப் போட்டுட்டு ஓடுது.

இந்தக் கலப்பு நமக்கு மட்டும் இல்ல. கரீபியன்ல ட்ரினிடாட் இருக்கே, நம்ம நாட்டுல இருந்து 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளா ஆளுங்களைக் கப்பல்ல கொண்டு போன தீவு, அங்க மேக்ஸி டாக்ஸின்னு தனியார் வேன்கள் ஓடுது. வெள்ளை வண்டி, சுத்தி ஒரு கலர் பட்டை. சிவப்புன்னா கிழக்குப் பக்கம், பச்சைன்னா நடுப்பகுதியும் தெற்கும், நீலம்னா டொபாகோ. வண்டி தனியாருது, பட்டை அரசோடது. 1968-ல் அங்க ரயிலை மூடினாங்க. தண்டவாளம் கிடந்த இடத்துல ஒரு பகுதியைப் பஸ்ஸுக்கும் மேக்ஸிக்கும் தனி ரோடா ஆக்கிட்டாங்க. கார்ல போறவர் பக்கத்து ரோட்டுல ட்ராஃபிக்ல நிக்கும்போது, வேன்ல போறவர் முந்திப் போவார். யாருக்கு முதல் வழின்னு அவங்க எடுத்த ஒரு முடிவு அது.

நாம எடுத்த முடிவு 2021 மே மாசம் வந்துச்சு. அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம். எங்க அம்மிச்சி இப்போ சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சும்மா தங்கச்சி வீட்டுக்குன்னு உடுமலை பக்கம் போயிட்டு வருது. முன்னெல்லாம் மாமாகிட்ட காசு கேட்கணும், கேட்டா "எதுக்கு"ன்னு ஒரு கேள்வி வரும். இப்போ கேட்கறதே இல்ல. "போறேன்"னு சொல்லிட்டுக் கிளம்பிருது. டிக்கெட் காசை விட அந்தக் கேள்வி மிச்சமானது பெருசுன்னு நினைக்கறேன்.

ஆனா ஓட்டையும் இருக்கு. உடுமலையில இருந்து பொள்ளாச்சி போற வெளியூர் பஸ்ல அம்மிச்சி காசு குடுக்கணும். எங்க ஸ்டாப்ல காலையில பார்க்கறேன், தனியார் பஸ் காலியா வந்து நின்னாலும், வேலைக்குப் போற அக்காக்கள் ஏறாம, வாட்சைப் பார்த்துட்டே அரசு பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க.

அவிநாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டருக்குப் புது மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்தாங்க. ஜி.டி.நாயுடு பேர்தான் வெச்சிருக்காங்க. நானும் அதுல போனேன், சந்தோஷமா இருந்துச்சு. ஆனா பஸ்ஸுக்குக் காத்திருக்கற அக்காக்களுக்கான ஸ்டாப் எல்லாம் கீழேதான் இருக்கு. பஸ் ஓட்டினவர் பேரை வெச்ச பாலத்து மேல நின்னு ஏற ஒரு இடம் கிடையாது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இந்த வாரம் வீட்டுப் பெரியவங்க யார்கிட்டயாவது, அவங்க முதல் முதலா பஸ் ஏறின கதையைக் கேளுங்க. எங்க ஏறினாங்க, எவ்வளவு குடுத்தாங்க, எங்க உக்கார விட்டாங்க. வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நானும் ஊருக்குப் போய் அம்மிச்சி கதையை ரெக்கார்டு பண்ணப் போறேன். இந்தத் தடவை பஸ்லதான்.