எல்லை ஊர்களும் பிரித்தானிய இலக்கியமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் நெய்யாற்றின்கரையும் அதற்கப்பால் பாறசாலையும் வருகின்றன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் அப்பகுதியில் உண்டு.

அக்குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்று பிரித்தானிய இலக்கியம் பயில விழையும் மாணவர் முன்கூட்டியே எவற்றைப் படிக்க வேண்டும்? தமிழை ஒதுக்கிவிட்டு ஆங்கில நூல்களிலேயே மூழ்குக என்று அறிவுரை கூறுவோர் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதனை ஏற்பதற்கில்லை. அவ்வட்டாரத்தின் வரலாறே அதற்கு மறுப்பாக நிற்கிறது.

முதலில் 'பிரித்தானிய' என்னும் சொல்லை எண்ணிப் பார்ப்போம். ஸ்காத்லாந்தும் இங்கிலாந்தும் 1603இல் ஒரே மன்னரின்கீழ் வந்தன. 1707இல் இரண்டு பாராளுமன்றங்களும் ஒன்றாயின. ஆயினும் மக்கள் பேச்சு ஒன்றாகிவிடவில்லை. 1786இல் ராபர்ட் பர்ன்ஸ் தம் நாட்டுப் பேச்சிலேயே கவிதை நூல் வெளியிட்டார். அவ்விரு நாடுகளின் எல்லைப்புறத்தில் வழங்கிய கதைப்பாடல்களை வால்டர் ஸ்காட் திரட்டி, 1802இலும் 1803இலும் அச்சேற்றினார். கணியாகுளத்தில் மதுரை நாயக்கர் படையோடு பொருது மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்ட காதுக்கு ஸ்காட் திரட்டிய பாடல்கள் அந்நியமாக ஒலிக்குமா? எல்லைக்கு இருபுறமும் வழங்கும் மொழிகள் கலந்து ஒரு பாட்டு பிறக்கும் விதத்தை இவ்வூரார் நன்கு அறிவர் அன்றோ!

அடுத்து, 1066ஆம் ஆண்டை மனத்திற்கொள்ள வேண்டும். நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையில் பிரெஞ்சும் வயலில் சாக்சன் மொழியும் வழங்கின. தொழுவத்தில் சாக்சன் பெயர் தாங்கிய விலங்கு, பிரபுவின் உணவு மேசைக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் பெற்றுவிடும். ஸ்காட் தம் 'ஐவன்கோ' புதினத்தின் தொடக்கத்திலேயே இதனை நகைச்சுவையோடு காட்டுகிறார். வீட்டுமொழி ஒன்றும் அலுவல்மொழி வேறொன்றுமாக வாழ்வோர்க்கு இப்பகுதியை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அது 1866இல் கல்லூரியாக வளர்ந்து மகாராஜா கல்லூரி எனப் பெயர் பெற்றது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி அதுவே. அக்கல்லூரியோடு தொடர்புடைய இருவர் 1891ஆம் ஆண்டிலேயே இரு நூல்களை வெளியிட்டனர். அங்குத் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையைக் கருவாகக் கொண்டு, ஷேக்ஸ்பியர் முறையில் ஐந்து அங்கங்களாக 'மனோன்மணீயம்' நாடகத்தைச் செந்தமிழ்ச் செய்யுளில் யாத்தார். அங்குப் பயின்ற சி. வி. ராமன் பிள்ளை, ஸ்காட்டின் வரலாற்றுப் புதினங்களை முன்மாதிரியாகக் கொண்டு 'மார்த்தாண்ட வர்மா'வை மலையாளத்தில் எழுதினார். அக்கதைத் தலைவன் பகைவருக்கு அஞ்சி ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தான் என்பது செவிவழி வரலாறு. அம்மச்சிப் பிலாவு எனப்படும் அம்மரம் நின்ற இடம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகமே.

இவ்விருவரும் ஆங்கிலம் கற்றதனால் தாய்மொழியை இழந்தாரல்லர். தாய்மொழி வளம் மிக்கிருந்தமையாலேயே ஆங்கில நூலிலிருந்து கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ள அவர்களால் இயன்றது.

விவிலிய அறிவும் இன்றியமையாதது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் நடை பிற்காலத்து ஆங்கில உரைநடையில் ஆழப் பதிந்துள்ளது. மில்டன் 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களின்மேல் எழுந்த காப்பியம். பாறசாலை, 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியத் தலங்களுள் ஒன்றாக இருந்தது. அங்குத் தமிழ் விவிலியம் கேட்டு வளர்ந்த மாணவர் மில்டனிடம் பாதி வழி சென்றவரே. ஏனையோரும் ஆதியாகமத்தையும் ஒரு நற்செய்தி நூலையும் தமிழிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஆகவே, கல்லூரி திறக்குமுன் உள்ள விடுமுறையில் மாணவர் முதலில் 'மனோன்மணீய'த்தையும் 'மார்த்தாண்ட வர்மா'வையும் படிப்பாராக. பின்னர் லிட்டனின் அச்சிறு கதையையும் 'ஐவன்கோ'வையும் அவற்றோடு ஒப்பிட்டுக் காண்க. 1066 முதல் 1707 வரையுள்ள பிரித்தானிய வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்க. அதன்பின் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு களத்தையும் தமிழில் தமக்குத் தாமே சொல்லிப் பார்ப்பாராக. எவ்விடத்தில் தமிழ்ச் சொல் வாராது நா தடுமாறுகிறதோ, அவ்விடத்தில் ஆங்கிலமும் விளங்கவில்லை என்று தெளிக. அங்கே நின்று, மீண்டும் படிக்க.