புள்ளிக்கோப்பு

‘டாட்ஃபைல்ஸை கிட்ல போட்டு வச்சிருக்கேன், புது லேப்டாப் வந்தா பத்து நிமிஷ வேலை’ என்பது மென்பொருள்காரர்களின் அன்றாடப் பேச்சு. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்புதான் டாட்ஃபைல். ஷெல், எடிட்டர் போன்றவை நம் விருப்பங்களை அதிலிருந்தே படிக்கின்றன. அந்தப் புள்ளி யோசித்து வைத்ததல்ல. யூனிக்ஸில் நடப்பு அடைவுக்கு ஒற்றைப் புள்ளி, அதற்கு மேலுள்ளதற்கு இரட்டைப் புள்ளி என்று பெயர். இரண்டும் பட்டியலில் வந்து தொல்லை தராதிருக்க, புள்ளியில் தொடங்கும் எதையும் காட்டாதபடி, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ நிரலைக் குறுக்குவழியில் எழுதிவிட்டார்கள் என்கிறார் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக். பிறகு வந்தவர்கள் அதையே ஒளிவிடமாக்கிக்கொண்டார்கள். ‘பாஷ்ஆர்சி’ என்ற டாட்ஃபைலின் வாலில் உள்ள ‘ஆர்சி’ இன்னும் பழசு: 1960களில் எம்.ஐ.டி.யின் சிடிஎஸ்எஸ் அமைப்பில் கட்டளைகளை வரிசையாக ஓட்டிய ‘ரன்காம்’ என்பதன் எச்சம். (வண்டி ஆர்.சி. புத்தகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இன்று டாட்ஃபைல்ஸ் என்றால், ஒரே கிட் களஞ்சியத்தில் வைத்து, வீட்டுக் கணினியிலும் ஆபீஸ் கணினியிலும் இறக்கி, சிம்லிங்க் (குறியீட்டு இணைப்பு) போட்டுப் பயன்படுத்தும் மொத்தத் தொகுப்பு, பெயரில் புள்ளியே இல்லாத கோப்பும் அதில் அடக்கம். இதற்குத் தமிழில் ‘உள்ளமைவுக் கோப்பு’ என்ற சொல் புழக்கத்தில் உண்டு. ஆனால் அது சர்வர் கோப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். என் ஓட்டு ‘புள்ளிக்கோப்பு’க்கு. அகரமேறிய எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் நம்மிடம் அகரம் ஒலிக்காமல் அடங்கும். அங்கே பெயரின் தலையில் வைத்தால் கோப்பே அடங்கிவிடுகிறது. கேட்டால் ‘பெரும்புள்ளி’ ஞாபகம் வருகிறது என்கிறார்கள். வரட்டுமே.