உப்பும் நீரும் இதயமும்: வயிற்றுவழி டயாலிசிஸில் இரத்த அழுத்தம் கவனம் பெற்ற வரலாறு

பழனி வட்டத்துக் கீரனூர் போன்ற ஊர்களில், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு முதல் சிக்கல் தூரம். இரத்த டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எந்திரம் உள்ள ஊருக்குப் போய்வர வேண்டும். பழனியிலிருந்து திண்டுக்கல்லே ஏறத்தாழ 60 கி.மீ. வயிற்றுவழி டயாலிசிஸில் இந்த அலைச்சல் இல்லை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, நாளுக்கு மூன்று நான்கு முறை வீட்டிலேயே பை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மருத்துவமனைக்கு எப்போதாவது போகிறவரின் பிரஷரை யார் பார்ப்பது? இச்சிகிச்சையின் வரலாற்றில் இந்தக் கேள்வி தாமதமாகவே உரிய இடத்தைப் பெற்றது.

1923-ல் ஜெர்மனியில் கான்டர் இம்முறையை முதலில் மனிதருக்குச் செய்து பார்த்தார். 1968-ல் டென்காஃப் நிலையான குழாயை உருவாக்கினார். 1976-ல் அமெரிக்காவின் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் நாள் முழுதும் தொடரும் முறையை வகுத்தனர். கண்ணாடிப் புட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தவர் டொரான்டோவின் ஓரியோபுலோஸ். இந்தியாவில் 1991-ல் இது தொடங்கியது; சென்னை மருத்துவர் ஜார்ஜி ஏபிரகாம் அதன் முன்னோடி.

அந்த நாட்களில் மருத்துவர்கள் பெரிதாகப் பார்த்தது கழிவின் கணக்கை. யூரியா எவ்வளவு வெளியேறியது என்பதே சிகிச்சையின் அளவுகோல். 1996-ல் வெளியான கனடா–அமெரிக்க ஆய்வு, கழிவு அதிகம் நீங்கியவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகச் சொன்னதும் பையின் அளவைக் கூட்டும் போக்கு வலுத்தது. 2001-ல் அதே தரவை மீண்டும் ஆராய்ந்தபோது படம் மாறியது. பயன் தந்தது திரவமல்ல. நோயாளியிடம் மிச்சமிருந்த சிறுநீர். நாளுக்கு 250 மி.லி. சிறுநீர் கூடுதலாகப் போனால் இறப்பு அபாயம் 36 விழுக்காடு குறைந்திருந்தது. மறு ஆண்டே மெக்சிகோவில் 965 பேரிடம் நடந்த சோதனையில், திரவத்தைக் கூட்டியதால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது.

கால் லிட்டர் சிறுநீருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அது உப்பையும் நீரையும் வெளியே கொண்டுபோகிறது. தேங்கும் நீர் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். இந்நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதயநோய்தான். சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் பிரஷர் இறங்குவதும், சிறுநீர் குறையக் குறைய மீண்டும் ஏறுவதும் பல இடங்களில் பதிவாகியுள்ளன. துருக்கியில் 2001-ல் உயர் அழுத்தமுள்ள 47 பேருக்கு மாத்திரைகளை நிறுத்தி, உப்பைக் கடுமையாகக் குறைத்து, தேவைப்பட்டவர்களுக்குக் கூடுதல் நீரையும் எடுத்தார்கள். பெரும்பாலோருக்கு அழுத்தம் சீரானது. நம் மருத்துவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய ஆய்வு இது. 2015-ன் பன்னாட்டு வழிகாட்டுதல் 140/90-க்குக் கீழே என்ற இலக்கையும், நாளுக்கு ஏறத்தாழ 5 கிராம் உப்பு என்ற வரம்பையும் வைத்தது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அந்த 5 கிராமுக்குள் அடங்க வேண்டும்.

வடித்த பையை வீட்டில் ஸ்பிரிங் தராசில் மாட்டி எடை பார்க்கிறார்கள். 2,000 மி.லி. போய் 2,300 வந்தால், 300 மி.லி. நீர் உடலிலிருந்து இறங்கியிருக்கிறது. போனதைவிடக் குறைவாக வந்து, கணுக்காலில் விரல் அழுத்திய குழி நிறையாமல் நின்றால், பிரஷர் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 4.25 விழுக்காடு சர்க்கரைப் பைக்குத் தாவுவதும் நிரந்தரத் தீர்வல்ல. அது நீரை இழுக்கும். சர்க்கரையையும் உடலில் ஏற்றும். நாளடைவில் வயிற்றுச் சவ்வையும் கெடுக்கும். நீரை அளவுக்கு மீறி எடுத்துப் பிரஷரைச் சரியவிட்டால் மிச்சமுள்ள சிறுநீரும் போய்விடும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் பிரஷரும் பார்க்கிறார்கள். இவ்விரு பணிகளும் ஒரே வீட்டில் சந்திக்க வேண்டும் என்பது என் வாதம். காலை எடை, பிரஷர், தராசுக் கணக்கு, சிறுநீர் அளவு ஆகிய நான்கும் ஒரு நோட்டில் ஏறி, சிறுநீரக மருத்துவரின் பார்வைக்குப் போக வேண்டும். நோயாளி மூட்டுவலிக்கு என்ன மாத்திரை வாங்கினார் என்றும் கேட்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் பலவும் அந்தக் கால் லிட்டரைப் பறித்துவிடக்கூடியவை.