பொன்மழையும் கொன்றையும்



யூன் மாதம் ஒஸ்லோவில் சில வீட்டு வேலிகளுக்கு மேலால் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சின்ன வயதில் அம்மா அதைக் கண்டதும், "இஞ்ச பார், எங்கட கொன்றை!" என்று நின்றுவிட்டார். "இல்லை அம்மா, இது குல்ரைன்" என்றேன் நான். குல் என்றால் பொன், ரைன் என்றால் மழை.

எங்கள் பெயர் சரக்கொன்றை. சரம் என்றால் தொங்கும் மாலை. சிவன் சூடும் பூவும் கொன்றைதான். ஒரேமாதிரித் தொங்கும் பூவில் நோர்வே மக்கள் மழையைக் கண்டார்கள், நாங்கள் மாலையைக் கண்டோம்.

வசந்தத்தில் இலை வர முன்னரே மஞ்சளாகப் பூக்கும் இன்னொரு செடி குல்புஸ்க், அதாவது பொற்செடி. அதன் மற்றப் பெயர் போர்சீத்தியா. 1775 இல் யப்பானுக்குப் போன சுவீடன் அறிஞர் துன்பேர்க் அதை ஆராய்ந்து, தனக்குத் தெரிந்த லைலக் செடியின் இனம் என்று பெயர் வைத்தார். அது பிழை என்று கண்டவர் நோர்வேயின் பேர்கன் நகரில் பிறந்த மார்ட்டின் வால். 1804 இல் அவர் அதைத் தனி இனமாகப் பிரித்து, இங்கிலாந்து அரச தோட்டங்களைப் பராமரித்த வில்லியம் போர்சைத்தின் பெயரை வைத்தார். அதே ஆண்டில் போர்சைத், வால் இருவருமே இறந்துவிட்டார்கள். பெயர் மட்டும் எங்கள் தெருவோரங்களில் இன்னும் பூக்கிறது.

புது ஊரில் ஒரு செடியைக் கண்டால், தெரிந்த பெயரைச் சொல்லித்தான் மனிதர் கூப்பிடுவார்கள். துன்பேர்க் செய்ததும் அதுதான், அம்மா செய்ததும் அதுதான். ஆங்கிலேயரும் எங்கள் கொன்றையை "இந்திய லபர்னம்" என்றார்கள். லபர்னம் என்பது இந்தக் குல்ரைன்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொன்றைக் காயின் சதை சித்த மருத்துவத்தில் மருந்து. குல்ரைனோ முழுவதும் நஞ்சு, விதை மிகவும் ஆபத்தானது. பூசைக்கு ஆசையாகப் பறித்து வந்து, குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள்.

அதனால் இரண்டு பெயரையும் தெரிந்து வைத்திருங்கள். குல்ரைன் என்ற பெயர் உங்களைக் காப்பாற்றும். கொன்றை என்ற பெயர், அம்மா அந்த வேலியோரம் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லும்.