டெலோமியர்

குரோமோசோமின் இரு நுனிகளிலும் உள்ள டிஎன்ஏ பகுதிக்கும் அதைப் போர்த்தியிருக்கும் புரதங்களுக்கும் சேர்த்து டெலோமியர் என்று பெயர். மனித செல்லில் 46 குரோமோசோம்கள். ஆக 92 நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து வரிசை ஆயிரம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. இது அளவு மீறித் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேயாமலே இருந்தால் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். ‘முதுமையின் கடிகாரம்’ என்று பத்திரிகைகள் சூட்டிய பட்டத்தில் பாதிதான் உண்மை.

முதுமையை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1930-களில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் குரோமோசோம்களை உடைத்துக்கொண்டிருந்தார். துண்டுகள் தலைகீழாகத் திரும்பின, இடம் மாறி ஒட்டின, சில தொலைந்தும் போயின. ஆனால் நுனி மட்டும் போன ஈ ஒன்றுகூட அவர் கையில் சிக்கவில்லை. 1938-ல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் ஆற்றிய உரையில், நுனிக்கென்று தனி வேலை இருந்தாக வேண்டும் என்று சொல்லிப் பெயரையும் வைத்தார். அதே சமயத்தில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் வேறொன்றைப் பார்த்தார். உடைந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செல் பிரியும்போது ஒட்டியது இருபுறமும் இழுபட்டு மறுபடி உடைந்தது. அடுத்த பிரிவிலும் அதே கதை. ஆனால் கருவுக்குள் போனதும் உடைந்த நுனி ஆறிவிட்டது. அதை ஆற்றியது எது என்று தெரிய இன்னும் 45 ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையே செல் வளர்ப்பு ஆய்வாளர்கள் வேறொரு நம்பிக்கையில் இருந்தார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் அலெக்ஸி காரெல் 1912-ல் வளர்க்கத் தொடங்கிய கோழிக்கரு இதயத் திசு 1946 வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு. ஊட்டம் கொடுத்தால் செல்லுக்குச் சாவில்லை என்ற கருத்து, சொன்னவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதாலேயே அரை நூற்றாண்டு வேதவாக்காக நின்றது. 1961-ல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்தில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அதை உடைத்தார்கள். மனிதக் கருவின் செல்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்ததும் நின்றுவிட்டன. வளர்ப்பு முறையில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! 40 முறை இரட்டித்த ஆண் செல்களையும் 10 முறை இரட்டித்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். ஊட்டம் ஒன்று, குடுவை ஒன்று. ஆனால் முதிர்ந்த ஆண் செல்கள் மறைய, பெண் செல்கள் மட்டும் மிஞ்சின. அவர்கள் முதலில் அனுப்பிய ஆய்விதழ் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. காரெலின் ஆய்வை மறுபடி செய்துகாட்ட யாராலும் முடியவில்லை. அவர் ஊற்றிய ஊட்டச்சாற்றோடு புதுச் செல்களும் உள்ளே போயிருக்கலாம் என்று பின்னாளில் கருதினார்கள்.

செல் தன் பிரிவுகளை எப்படி எண்ணுகிறது? 1966-ல் மாஸ்கோவில் ஹேஃப்ளிக்கின் ஆய்வைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு மெட்ரோ நிலையத்துக்கு வந்த உயிரியலாளர் அலெக்ஸி ஒலோவ்னிகோவுக்கு, நடைமேடையில் நின்றபோது விடை தோன்றியது. டிஎன்ஏ தண்டவாளம் என்றால், அதன் மேல் ஓடிப் பிரதி எடுக்கும் நொதி ரயில். ரயில் தான் நிற்கும் இடத்துக்கு அடியிலுள்ள தண்டவாளத்தைப் பிரதி எடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு பிரிவிலும் நுனியில் சிறிது குறைய வேண்டும். 1971-ல் ரஷ்ய மொழியில் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் வாட்சனும் நுனியைப் பிரதி எடுப்பதிலுள்ள சிக்கலைத் தனியாகச் சுட்டினார். ஆனால் அதை முதுமையோடு இணைத்துப் பார்த்தவர் ஒலோவ்னிகோவ்தான். சோதனைச் சான்று ஏதும் கையில் இல்லாமல், காகிதத்திலேயே இவ்வளவு தூரம் போனவர் அவர்.

சான்று குளத்து நீரில் இருந்தது. டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரி தன் பெரிய உட்கருவில் குரோமோசோம்களைத் துண்டு துண்டாக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு சிறு துண்டு மட்டுமே ஏறத்தாழ பத்தாயிரம் பிரதிகளாக இருக்கும். நுனிகளை ஆராய்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலும் எலிசபெத் பிளாக்பர்னும் 1978-ல் அந்த நுனிகளின் வரிசையைப் படித்தார்கள்: டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி, மீண்டும் மீண்டும். பிறகு பிளாக்பர்னும் ஜாக் சோஸ்டாக்கும் அந்த நுனிகளை ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு நேர்கோட்டு டிஎன்ஏவில் பொருத்திப் பார்த்தார்கள். உறவே இல்லாத உயிரியிலும் அவை காப்பாகவே வேலை செய்தன. அந்த முடிவு 1982-ல் வெளியானது.

1984-ல் பெர்க்லியில் பிளாக்பர்னிடம் மாணவியாகச் சேர்ந்த கரோல் கிரைடர், நுனியை நீட்டும் நொதியைத் தேடினார். டெட்ராஹைமீனா செல்களை உடைத்துச் சாறெடுத்து, அதில் செயற்கையாகத் தயாரித்த சிறு டெலோமியர் துண்டையும் கதிரியக்கக் குறியிட்ட டிஎன்ஏ எழுத்துகளையும் சேர்த்தார். விளைந்ததை ஜெல்லில் ஓடவிட்டு எக்ஸ் கதிர்ப் படத்தின் மேல் வைத்தார். டிசம்பர் 25 அன்று ஆய்வகத்துக்கு வந்து படத்தைக் கழுவிப் பார்த்தபோது, ஆறு எழுத்து இடைவெளியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கோடுகள் ஏறியிருந்தன. ஏதோ ஒன்று ஆறு ஆறாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. அதற்காக அவர்கள் கொண்டாடிவிட்டு ஓயவில்லை. ஈஸ்டின் நுனித் துண்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் டெட்ராஹைமீனாவின் எழுத்துகளே சேர்ந்தன. அப்படியானால் எந்த எழுத்தைச் சேர்ப்பது என்று சொல்லும் அச்சு நொதிக்குள்ளேயே இருக்கிறது. 1985-ல் அறிவிக்கப்பட்ட இந்த நொதிக்குப் பின்னர் டெலோமரேஸ் என்ற பெயர் நிலைத்தது. அச்சு ஒரு ஆர்என்ஏ என்பதும், அதன் மரபணு எது என்பதும் 1989-க்குள் தெரிந்துவிட்டன. பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவரும் 2009-ல் மருத்துவ நோபல் பெற்றார்கள். ஒலோவ்னிகோவின் பெயர் பட்டியலில் இல்லை, இருந்திருக்கலாம்.

அதன்பின் வேகம் கூடியது. உடல் செல்கள் பிரியப் பிரிய டெலோமியர் குறைவதை 1990-ல் அளந்து காட்டினார்கள். ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து 1951-ல் எடுக்கப்பட்டு இன்றும் பிரிந்துகொண்டிருக்கும் ஹீலா செல்களில் டெலோமரேஸ் இருப்பது 1989-லேயே தெரிந்திருந்தது. 1994-ல் 101 புற்றுக்கட்டி மாதிரிகளைச் சோதித்ததில் 90-ல் இந்த நொதி செயல்பட்டது. 50 இயல்பான உடல் திசுக்களில் ஒன்றில்கூட இல்லை. 1998-ல் இந்த நொதியின் மரபணுவை இயல்பான மனித செல்களில் சேர்த்தபோது ஹேஃப்ளிக் கண்ட எல்லையைத் தாண்டி அவை பிரிந்தன. ‘சாகாவரம்’ என்று தலைப்புகள் வந்தது அப்போதுதான்.

ஆய்வக எலி ஒன்றே அந்தத் தலைப்புகளுக்குப் பதில். அதன் டெலோமியர் மனிதருடையதைவிடப் பல மடங்கு நீளம். ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுதான். மனிதரிலும் கணக்கு நேராக இல்லை. பரம்பரையாகவே டெலோமியர் மிகக் குட்டையாக இருப்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜை வற்றுகிறது, நுரையீரல் தழும்பேறுகிறது. நீளமாக இருப்பவர்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. நுனியைக் காக்கும் பாட்1 என்ற புரதத்தின் மரபணு பழுதாகி டெலோமியர் நீண்டுபோன குடும்பங்களில் பல வகைக் கட்டிகளும் ரத்த செல் மாற்றங்களும் மிகுதி என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அளக்கும் முறையும் இப்போதுதான் கூர்மையாகியிருக்கிறது. 2003-ல் முடிந்ததாக அறிவித்த மனித மரபணுத்தொகுதியில் நுனிகளும் நடுப்பகுதிகளும் விடுபட்டிருந்தன. நுனி முதல் நுனி வரையான முழு வாசிப்பு 2022-ல்தான் வந்தது. 2024-ல் கிரைடரின் குழு, நீண்ட டிஎன்ஏ இழைகளை நுண்துளை வழியே செலுத்திப் படிக்கும் முறையால் ஒவ்வொரு நுனியையும் தனித்தனியே அளந்தது. ஒரே ஆளின் வெவ்வேறு குரோமோசோம் நுனிகளுக்கிடையே பல ஆயிரம் எழுத்துகள் வித்தியாசம் இருந்தது. ‘உங்கள் டெலோமியர் நீளம்’ என்று ஒற்றை எண்ணில் தரப்படுவது வெறும் சராசரி.

2024 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கான மருந்து அது. டெலோமரேஸின் ஆர்என்ஏ அச்சில் ஒட்டி நொதியை முடக்குவதே அதன் வேலை, நீட்டுவதல்ல. டெலோமியரை நீட்டி இளமையைத் தருவதாக இணையத்தில் விற்கும் மாத்திரைகளுக்கு அப்படிப்பட்ட ஒப்புதல் எதுவும் கிடையாது. குடும்பத்தில் மேற்சொன்ன பரம்பரை நோய் இருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழிய, டெலோமியரை அளந்து ‘உண்மையான வயது’ சொல்லும் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.