கணினியுள் குடிபுகுந்த லினக்ஸ்

1991ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயதுப் பல்கலைக்கழக மாணவர் 386 வகைக் கணினி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். அதனுள் டாஸ் என்னும் இயங்குதளம் முன்பே இடப்பட்டிருந்தது. அவர் நாடியதோ கல்விக்கென உருவாக்கப்பட்ட மினிக்ஸ். நெகிழ்வட்டுகளை வரவழைத்து அதனைத் தம் வன்தட்டில் நிறுவினார். பின்னர்த் தாமே ஒரு தளத்தை எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ்.

அவ்வாண்டிலேயே ஒரு விபத்தும் நேர்ந்தது. தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியை அழைக்க முற்பட்டவர், மோடத்துக்குச் செல்லவேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழாயிற்று. அதனை மீண்டும் நிறுவாமல், தம் படைப்பையே நம்பி நடக்கத் துணிந்தார். ஆசிரியரே தம் மாணாக்கனிடம் ஊன்றுகோல் கேட்டதைப் போன்றது அது.

1993இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய லினக்ஸ் தொகுப்புகள் தோன்றின. விண்டோசுடன் வந்த கணினியில் இவற்றை நிறுவுவது அந்நாளில் எளிதன்று. வன்தட்டு முழுவதையும் விண்டோஸ் தனதாக்கிக் கொண்டிருக்கும். சிதறிக் கிடக்கும் கோப்புகளை முதலில் ஒருபுறமாக ஒதுக்கி, ஃபிப்ஸ் என்னும் நிரலால் எஞ்சிய இடத்தை வெட்டியெடுப்பர். கை தவறினால் உள்ளதும் போம். லிலோ என்னும் சிறு நிரல் தட்டின் முகப்பில் நின்று, எத்தளம் வேண்டும் என வினவும். பிறகு விண்டோசை மறுபடி நிறுவ நேர்ந்தாலோ, அது லிலோவை அழித்துத் தன்னையே அவ்விடத்தில் எழுதிக்கொள்ளும்.

நுட்பத் தடையினும் வணிகத் தடையே பெரிது. கணினியில் தன் தளம் இருப்பினும் இல்லாவிடினும், விற்கப்படும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் பெறும் ஒப்பந்தங்களை உற்பத்தியாளர்களோடு மைக்ரோசாப்ட் செய்திருந்தது. அமெரிக்க நீதித்துறையோடு 1994இல் ஏற்பட்ட உடன்பாட்டால் இம்முறையை அது கைவிட்டது. ஆயினும், விண்டோஸ் இல்லாத கணினி கடைகளில் அரிதாகவே இருந்தது.

விண்டோசின் உரிமத்திலோ ஒரு வாசகம் இருந்தது. நிபந்தனைகளை ஏற்காதவர், பணத்தைத் திரும்பப் பெற உற்பத்தியாளரை அணுகலாம் என்பது அதன் கருத்து. ஆஸ்திரேலியர் ஒருவர் விடாது முயன்று 110 ஆஸ்திரேலிய டாலரைப் பெற்றார். அச்செய்தி பரவவே, 1999 பிப்ரவரி 15ஆம் நாள் லினக்ஸ் பயனர்கள் கலிபோர்னியாவின் பாஸ்டர் சிட்டியிலிருந்த மைக்ரோசாப்ட் அலுவலகத்துக்கே, பயன்படுத்தாத விண்டோசைச் சுமந்து சென்றனர். பணம் கிட்டவில்லை. உற்பத்தியாளரிடம் செல்லுமாறே மறுமொழி கிட்டியது. தாம் வேண்டாத ஒன்றுக்குக் கொடுத்த விலையைத் திரும்பக் கேட்பதற்கு இத்துணை அலைச்சலா என்பதே அவர்தம் ஆதங்கம்.

2000இல் வந்த நாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமலே குறுவட்டிலிருந்து இயங்கியது. 2004இல் உபுண்டு வந்தபின் நிறுவுதலும் எளிதாயிற்று.

2012இல் விண்டோஸ் 8உடன் புதிய பூட்டு ஒன்று வந்தது. நம்பத்தக்க கையொப்பமில்லாத தளத்தைத் தொடங்கவிடாத ஏற்பாடு அது. சாதாரணக் கணினிகளில் அதனை அணைத்துவைக்க உரிமையாளருக்கு வழி விடப்பட்டது. எனினும், பூட்டைத் திறக்கும் சாவி மைக்ரோசாப்ட்டுடையதாகவே பெரும்பாலான கணினிகளில் இருந்தது. அணைக்கத் தெரியாதோர்க்காக, உபுண்டு, ஃபெடோரா முதலியவற்றை உருவாக்கியோர் தம் தொடக்க நிரலை மைக்ரோசாப்ட்டுக்கு அனுப்பி, அதன் கையொப்பத்தையே பெற்று வந்தனர்.