தலைகீழாய்ப் பார்த்தால் நேராய்த் தெரியும்

(‘வரலாற்றை மாற்றிய பெண்களுக்குப் பெரிதும் துணைநின்றது கோபமே! கேலியே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘கேலியே’ என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் கோபத்தைப் பற்றிப் பேசிவிட்டு, இப்போ சிரிச்ச முகத்தோட உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! சமையலை முடித்துவிட்டும் முடிக்காமலும் தொலைக்காட்சி முன்னால் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவி கண்ணகியைச் சொன்னாங்க. சிலம்பு உடைந்தது, மதுரை எரிந்தது என்று சொன்னாங்க. உண்மைதான். ஆனால், ஐயா, எரிச்ச ஊரில் யாரும் குடியிருக்க முடியாது. கோபத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கு. நாம பல்லைக் கடிச்சா எதிராளியும் பல்லைக் கடிப்பான். கடிச்ச பல்லுக்கு நடுவிலே ஒரு நல்ல விஷயமும் உள்ளே போகாது. சிரிக்க வைத்துப் பாருங்கள்! வாயைத் திறந்துவிடுவான். திறந்த வாயில் மருந்தை ஊற்றிவிடலாம். (கைதட்டல்)

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குச் சொன்ன தொல்காப்பியர், அந்த நான்கில் முதலாவதாக வைத்தது எள்ளலைத்தான். அதாவது கேலியை.

இலக்கியத்திலே இப்போ ‘அபத்தம்’ என்ற சொல்லைப் பெரிசாப் பேசுறாங்க. பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யூ, 1942ல் சிசிபஸ் என்பவனை வைத்து ஒரு நூலே எழுதினார். சிசிபஸ் யாருன்னா, மலை உச்சிக்குப் பாறையை உருட்டிக்கொண்டு போகிறவன். உச்சிக்குப் போனதும் பாறை உருண்டு கீழே வந்துவிடும். மறுபடியும் உருட்டணும். முடிவே கிடையாது. இதைப் புரிந்துகொள்ள நம்ம தாய்மார்களுக்குத் தத்துவம் படிக்க வேண்டியதில்லை. காலையில் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம், மத்தியானம் மறுபடியும் தொட்டியில் கிடக்குதே, அதுதான் சிசிபஸ்! (பலத்த சிரிப்பு)

அந்த நூலுக்கு 37 வருஷம் முன்னாடியே, 1905ல், அபத்தத்தை ஆயுதமா எடுத்துச் சுழற்றின ஒரு பெண் நம்ம துணைக்கண்டத்தில் இருந்தாங்க. பேர் பேகம் ரொக்கேயா. இன்றைய வங்கதேசத்தில், ரங்பூர் பக்கம் பைராபந்த் கிராமத்தில், 1880ல் ஜமீன்தார் வீட்டில் பிறந்தவர். அஞ்சு வயசிலேர்ந்தே, வெளியிலிருந்து வந்த பெண்கள் முன்னால்கூட அந்தக் குழந்தை வரக் கூடாது, ஓடி ஒளிஞ்சுக்கணும். வீடெல்லாம் தூங்கின பிறகு, விளக்கு வெளிச்சத்தில், அண்ணன் இப்ராகிம் தங்கைக்கு ரகசியமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். திருட்டுத்தனமாப் பணம் சேர்த்தவங்களைப் பார்த்திருக்கோம். திருட்டுத்தனமா எழுத்துச் சேர்த்த பெண் இவங்க!

கணவர் சகாவத் உசேன், பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட். மனைவி எழுதுவதை விரும்பிய மனிதர். ஒருமுறை அவர் வெளியூர் முகாம் போயிருந்தப்ப, பொழுது போக்க அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். ‘சுல்தானாவின் கனவு’ என்று பெயர். திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். (சிரிப்பு)

அந்தக் கதை முதலில் எங்கே அச்சாச்சு தெரியுமா? நம்ம சென்னையில்! கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் 1901ல் தொடங்கி நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழில், 1905ல் வெளிவந்தது. எழுதினவர் ஒரு பெண், வெளியிட்டவர் ஒரு பெண்! (கைதட்டல்)

கதை என்ன? ஒரு பெண் கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே தெருவில் நடப்பதெல்லாம் பெண்கள். ஆண்கள் வீட்டுக்குள்ளே, அடைப்பிலே! இவள் கூச்சப்பட்டு நடக்கிறதைப் பார்த்து, ஆம்பிளை மாதிரி இருக்காளேன்னு அந்த ஊர்ப் பெண்கள் சிரிக்கிறாங்க. அந்த ஊரில் ஆம்பிளை மாதிரின்னா, பயந்து ஒடுங்கினவள்னு அர்த்தம்! (பலத்த சிரிப்பு)

ஆண்களை ஏன் அடைச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்கிறாள். அவளை அழைத்துப் போகிற சகோதரி சாரா திருப்பிக் கேட்கிறாள்: பைத்தியக்கார விடுதியிலிருந்து சிலர் தப்பி வந்து ஊரில் கலாட்டா பண்ணினா யாரைப் பிடிச்சு உள்ளே போடுவீங்க? பைத்தியங்களையா, புத்தி தெளிஞ்சவங்களையா? உங்க ஊரில் தொல்லை கொடுக்கிறவன் வெளியே, தொல்லைப்படுகிறவள் உள்ளே. இது என்ன நியாயம்?

அலுவலகம் போகும் பெரியவர்கள் இதையும் கேளுங்கள். அந்த நாட்டில் பெண்கள் ஆபீஸ் வேலையை இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு மட்டும் ஏன் நாள் பூரா ஆகுதுன்னா, ஒரு சுருட்டு எரிய அரை மணி. நாளைக்கு 12 சுருட்டு. 6 மணி நேரம் புகையாப் போச்சு! கணக்கு கதையிலேயே இருக்கு ஐயா, நான் சேர்க்கலை. (சிரிப்பு)

‘அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு’ என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி சொன்னாங்களே, அதற்கும் கதையில் பதில் இருக்கு. அந்த நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. படித்த பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்து அதில் சமைக்கிறார்கள். புகை கிடையாது, கரி கிடையாது. பெண் படித்தால் என்ன ஆகும்? அடுப்பையே ஊத வேண்டாம் என்று ஆகும்! (நீண்ட கைதட்டல்)

சரி, இது கற்பனை அபத்தம். இனி நிஜத்துக்கு வருவோம். 1931ல் அதே ரொக்கேயா ‘அபரோத்வாசினி’ என்று வங்காளியில் ஒரு நூல் வெளியிட்டார். அடைபட்டு வாழ்கிறவள் என்று பொருள். கேட்டதும் கண்டதுமான 47 நிகழ்ச்சிகள். அதில் ஒன்று: ஒரு வீட்டில் தீப்பிடித்தது. வீட்டுக்கார அம்மா நகைகளை ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். முற்றம் முழுக்க அந்நிய ஆண்கள் தீயை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படக் கூடாதே என்று, பெட்டியோடு திரும்பிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார். அங்கேயே வெந்து போனார்.

இப்போ யாரும் சிரிக்கலை. இதுதான் ஐயா என் வாதம்! ஆண்களை அடைத்துவைத்த கதையைக் கேட்டு, இப்படியும் உண்டா என்று சிரித்தோமே, அது வெறும் கனவு. அதில் ஒருவரும் வெந்து சாகவில்லை. நிஜத்தில் நடந்ததுதான் அபத்தம். ஆனால் அதைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டால் வழக்கம் என்று சொல்லிவிடுவோம். ரொக்கேயா செய்தது ஒன்றுதான்: உலகத்தைத் தலைகீழாக வரைந்து காட்டினார். அது ஏற்கெனவே தலைகீழாய் நின்றதால், நமக்கு நேராகத் தெரிந்தது! (கைதட்டல்)

கேலி பண்ணினா மட்டும் போதுமா என்று எதிரணி கேட்கும். போதாது. கணவர் 1909ல் இறந்தார். அவர் ஒதுக்கி வைத்த 10,000 ரூபாயைக் கொண்டு, அந்த ஆண்டே பாகல்பூரில் 5 சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். பிறகு 1911 மார்ச்சில், கல்கத்தாவில் 8 சிறுமிகளோடு மறுபடியும் ஆரம்பித்தார். வீடு வீடாகப் போய், பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்டார். பர்தா கொடுமையை எழுதியவர், பள்ளி நடக்க வேண்டுமே என்று தாமும் பர்தா அணிந்தார். மார்க்கம் பெண்ணுக்குக் கல்வியைத் தடுக்கவில்லை, மனிதர்கள்தான் தடுக்கிறார்கள் என்பது அவர் பேச்சு.

அந்தப் பள்ளிக்கு ஒரு மோட்டார் பஸ் வந்தது. எல்லாப் பக்கமும் மூடி வைத்திருந்ததால், சக்கரம் வச்ச பீரோ போகுதுன்னு பார்த்தவர்கள் நினைத்தார்களாம். உள்ளே வெக்கை தாங்காமல் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். சரியென்று பக்கத்து அடைப்புகளைத் திறந்து, திரைச்சீலை தொங்கவிட்டார். உடனே கடிதங்கள் வந்தன: காற்றில் திரை ஆடுகிறது, உள்ளே தெரிகிறது, மாற்றாவிட்டால் பத்திரிகையில் எழுதுவோம் என்று! மூடினா குழந்தை மயங்குது, திறந்தா ஊர் மயங்குது. அந்தம்மா எங்கே போவாங்க? இதையும் அழுது எழுதவில்லை. அந்த 47 நிகழ்ச்சிகளில் கடைசியாக வைத்து, ஊரே தன்னைப் பார்த்து வெட்கப்படும்படி எழுதினார்.

நடுவர் மணியைத் தொட்டுட்டார், முடிச்சிடறேன். கோபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேலிக்கு உள்ளே இருப்பதும் கோபம்தான். பச்சை மிளகாயை அப்படியே கடிச்சா, கடிச்சவன் வாய்தான் எரியும். அதையே ஊறுகாய் போட்டா வருஷம் பூரா வரும், வீட்டில் எல்லோரும் தொட்டுக்கலாம். ரொக்கேயா 1932 டிசம்பர் 9ல் மறைந்தார். அந்த நாளை வங்கதேசம் ரொக்கேயா நாளாக நினைவுகூர்கிறது. 8 சிறுமிகளோடு தொடங்கிய கல்கத்தாப் பள்ளி, சகாவத் நினைவு அரசுப் பெண்கள் பள்ளியாக நடந்துகொண்டிருக்கிறது. பொழுது போக்க எழுதிய கதையை, யுனெஸ்கோ 2024ல் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஊரை எரித்த கோபத்தை நாம் கும்பிடுவோம். ஆனால் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தது கேலிதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா! (பலத்த கைதட்டல்)